ஒன்றுமில்லாத இடத்துக்குப் போகும் கை

சில காலத்துக்கு முன் நமக்கு வேண்டிய பெரியவர் ஒருவரைச் சுகம் விசாரிக்கச் சென்றிருந்தோம். முப்பது ஆண்டுக் காலம் கரும்பலகையின் முன்னே நின்று கணிதம் கற்பித்த ஆசிரியர் அவர். பாரிசவாதம் கண்டு நான்கு மாதமாகியும், வெண்கட்டி பிடித்த அந்த வலக்கை மடிமேலே அசைவின்றிக் கிடந்தது. வைத்தியசாலையிலே இயன்மருத்துவர் சொல்லிக்கொடுத்த அப்பியாசங்களை மகள் ஒரு கடதாசியில் எழுதிச் சுவரிலே ஒட்டியிருந்தார். காலையிலே ஐம்பது தரம், மாலையிலே ஐம்பது தரம், மேசைமேல் கையை முன்னே தள்ளிப் பின்னே இழுக்க வேண்டும்.

“செய்யிறீங்களோ மாஸ்டர்?” என்று கேட்டோம்.

“என்னத்தைச் செய்யிறது தம்பி? ஒன்றுமில்லாத இடத்துக்கு ஐம்பது தரம் கையை அனுப்பி, ஒன்றுமில்லாமல் ஐம்பது தரம் திருப்பி எடுக்கிறது. பைத்தியக்காரன் வேலை” என்றார் அவர்.

இதைச் சொல்லி முடிக்குமுன் நாலு வயதுப் பேரன் ஒரு றப்பர்ப் பந்துடன் வந்து மேசையின் மறுபக்கத்தில் ஏறிக்கொண்டான். “அப்பு, இங்கால தள்ளிவிடுங்கோ!” என்று பந்தை உருட்டினான். மாஸ்டரின் இடக்கையிலே தேநீர்க் கோப்பை இருந்தது. என்ன செய்வார்? பந்து விழுந்துவிடப் போகிறதே என்ற பதைப்பில் வலக்கை மெல்ல மேசைமேல் ஏறிற்று; ஒரு தள்ளுத் தள்ளிற்று. பந்து கோணலாகத்தான் போயிற்று, பேரன் கைகொட்டினான். கோப்பை காலியாகும் வரையில் நாம் எண்ணிப் பார்த்தோம். இருபது தடவைக்குக் குறையாமல் அந்தக் கை போய் வந்தது. சுவரிலே இருந்த கடதாசியை எவரும் அந்நேரம் நினைக்கவில்லை.

அன்று வீடு திரும்பிய நமக்கு, “ஒன்றுமில்லாத இடம்” என்ற அந்தச் சொல் நெஞ்சை விட்டு அகலவில்லை. பின்னர் இவ்விஷயம் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான் ஒன்றை அறிந்தோம். முடங்கிய கைக்குப் போவதற்கு ஓர் இடம் காட்டும் வேலையை, மேல்நாட்டு விஞ்ஞானிகள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யந்திரங்களைக் கொண்டு செய்து பார்த்து வருகிறார்கள்.

யந்திரத்துக்கு வருமுன், கை ஏன் முடங்குகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டோ வெடித்தோ மூளையின் ஒரு பகுதி அழிந்துபோவதே பாரிசவாதத்துக்குப் பெரும்பாலும் காரணம். கையிலே கோளாறு ஏதும் இல்லை. தசையும் எலும்பும் முன்போலவே இருக்கின்றன. கட்டளையிடும் இடத்திலேதான் பழுது. அழிந்த பகுதி மீண்டும் முளைப்பதில்லை. ஆயினும், எஞ்சிய பகுதிகள் அதன் வேலையை ஓரளவு கற்றுக்கொள்ள வல்லவை. குழந்தை நடை பழகுவது போலத்தான் இதுவும்: விழுந்தும் எழுந்தும், பல நூறு தடவை முயன்றும் பழக வேண்டும். பிறர் நம் கையைப் பிடித்து ஆட்டிவிட்டால் மூட்டு இறுகாமல் இருக்கும். மூளை அதிகம் கற்காது. நோயாளி தாமே முயல வேண்டும் என்பதே இதில் முக்கியம்.

இந்த முயற்சிக்குப் பெரும் பகை நோயாளியின் நல்ல கைதான். எட்வேட் டோப் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை ஆராய்ந்தார். ஒரு கை சொற்கேளாவிட்டால் மனிதன் மற்றக் கையால் எல்லாக் காரியத்தையும் முடித்துக்கொள்கிறான். நாளடைவில், ஓரளவு இயங்கக்கூடிய நிலையை அடைந்த பின்னரும் நோயுற்ற கையை அவன் மறந்தே விடுகிறான் என்று அவர் கண்டார். அதற்கு அவர் சொன்ன பரிகாரம், நல்ல கையை உறையிட்டுக் கட்டிவிட்டு, நோயுற்ற கையை வேலை செய்ய வைப்பது. 222 நோயாளரைக் கொண்டு அமெரிக்காவிலே நடந்த பரிசோதனையொன்றின் முடிவு 2006ஆம் ஆண்டு வெளிவந்தபோது, இம்முறையால் நன்மை உண்டென்பது உறுதியாயிற்று. மாஸ்டர் வீட்டுத் தேநீர்க் கோப்பை தெரியாமலே அந்த உறையின் வேலையைச் செய்திருக்கிறது!

சரி, எத்தனை தடவை முயல வேண்டும்? விலங்குகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகளில், மூளையிலே மாற்றம் காண அவை நாளொன்றுக்குப் பல நூறு தடவை ஓர் அசைவைப் பழக வேண்டியிருந்தது. மனிதருக்கு நடப்பதென்ன? அமெரிக்காவிலும் கனடாவிலும் 7 இடங்களில் நடந்த 312 சிகிச்சை வேளைகளை அருகிருந்து எண்ணிப் பார்த்த ஆராய்ச்சியாளர், 2009ஆம் ஆண்டு ஓர் எண்ணிக்கையை வெளியிட்டார்கள். ஒரு வேளையிலே நோயாளி தம் கையைப் பயனுள்ள காரியத்துக்காக அசைத்தது சராசரி 32 தடவை. செல்வம் கொழிக்கும் நாட்டின் நிலை இது. வைத்தியரையும் நோயாளியையும் குறைசொல்லிப் பயனில்லை. ஒரே அசைவை நூற்றுக்கணக்கிலே செய்விக்கச் செய்வித்தவருக்கும் சலிப்பு, செய்தவருக்கும் சலிப்பு.

சலிப்படையாத ஒன்று உலகிலே உண்டென்றால் அது யந்திரந்தான். இந்த எண்ணம் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே நெவில் ஹோகன், ஹெர்மானோ ஈகோ கிறெப்ஸ் என்ற பொறியியலாளருக்குத் தோன்றிற்று. 1989ஆம் ஆண்டு தொடங்கி அவர்கள் அமைத்த யந்திரத்துக்கு ‘மானுஸ்’ என்று பெயர். இலத்தீன் மொழியிலே ‘கை’ என்பது அதன் பொருள். அக்கழகத்தின் இலச்சினை வாசகத்திலே ‘மனமும் கையும்’ என்று வருகின்ற சொல்தான் அது. ‘ரோபோ’ என்றதும் தலையும் காலும் உள்ள தகர மனிதனைக் கற்பனை செய்துகொள்ளும் வாசகர்கள் இதைக் கண்டால் ஏமாந்து போவார்கள். மேசையோரத்திலே பொருத்திய, முழங்கை போல் மடங்கி நீளும் உலோகக் கையொன்று. அதன் முனையிலே ஒரு பிடி. எதிரே ஒரு திரை. அவ்வளவே.

நோயாளி கதிரையிலே அமர்ந்து, முன்கையைத் தாங்கியொன்றிலே வைத்துப் பட்டையால் கட்டிக்கொண்டு, பிடியைப் பற்றுகிறார். திரையின் நடுவே ஒரு புள்ளி. அதைச் சூழ, கடிகார முகத்திலே இலக்கங்கள் நிற்பதுபோல, 8 சிறு வட்டங்கள். ஒரு வட்டம் நிறம் மாறியவுடன் புள்ளியை அங்கே கொண்டு சேர்த்து, மீண்டும் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். சிறுவர் விளையாட்டு என்று சிரிக்கலாம். ஆனால் ஒவ்வொரு வட்டத்துக்கும் தோளும் முழங்கையும் வெவ்வேறு விதமாகச் சேர்ந்து இயங்க வேண்டும். இவ்விதம் ஒரு மணி நேரத்திலே ஏறத்தாழ ஆயிரம் தடவை கை போய் வருகிறது. முன்னே சொன்ன 32ஐ இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த யந்திரத்தின் அருமை அதன் பலத்திலே இல்லை. அதன் பணிவிலே இருக்கிறது. தொழிற்சாலையிலே கார் பூட்டும் யந்திரக் கையை நாம் தள்ளினால் அது அசையாது. எதிரே நின்றால் நம்மையே தள்ளிவிடும். மானுஸ் அப்படியன்று. நோயாளி தாமே கையை நகர்த்தினால் அது எடையற்றது போல் கூடவே வரும். அவர் முயன்றும் முடியாமல் நின்றால் சற்றுப் பொறுத்துப் பார்க்கும். பின்னர் மெதுவாக வழிகாட்டிச் சேர்த்துவிடும். அடுத்த முறை அவர் கூடுதலாக முயன்றால், தன் உதவியை அது குறைத்துக்கொள்ளும். சைக்கிள் பழகும் பிள்ளையின் பின்னே ஆசனத்தைப் பிடித்தபடி ஓடும் தகப்பன், பிள்ளை அறியாமலே கையை எடுத்துவிடுவதில்லையா? அந்த வித்தையைத்தான் இந்த யந்திரத்துக்குக் கற்பித்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. உதவி சற்று மிஞ்சிப்போனால் மனித உடம்பு உடனே சோம்பிவிடுகிறது. யந்திரம் இழுக்கிறது என்று தெரிந்தவுடன், நோயாளியின் தசைகள் அவர் அறியாமலே தம் பங்கைக் குறைத்துக்கொள்கின்றன. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் ஏர்வைன் வளாகத்திலே டேவிட் றைன்கென்ஸ்மையர் என்பவரும் அவருடைய தோழரும் இதை அளந்தே காட்டினார்கள். எனவே, யந்திரம் வேண்டுமென்றே கொஞ்சம் குறைவாக உதவ வேண்டியிருக்கிறது. அன்பு மிகுதியால் பாரிசவாதக்காரருக்குச் சோறூட்டி, சட்டைக்குப் பொத்தான் பூட்டி, எதற்கும் கையை நீட்டவிடாத வீடுகளை நாம் அறிவோம். யந்திரத்துக்கு அந்தப் பாசம் கிடையாது என்பது ஒரு வகையில் நல்லதுதான்.

றைன்கென்ஸ்மையர் குழுவினர் வேறொரு கருவியும் செய்தார்கள். டெலவேயர் மாநிலத்திலே தசை நலிந்த குழந்தைகளின் கைகளை மேலே தாங்குவதற்காக, இழுபட்டியைக் கொண்டு ஒரு சட்டம் முன்னரே செய்யப்பட்டிருந்தது. அதைப் பெரியவருக்கு ஏற்றபடி மாற்றினார்கள். அதிலே மோட்டார் இல்லை. கையின் பாரத்தை இழுபட்டிகள் ஏந்திக்கொள்ள, மிச்சமிருக்கும் சிறு பலத்தைக்கொண்டு நோயாளி திரையிலே கடைக்குப் போய்ச் சாமான் எடுக்கிறார், முட்டை உடைக்கிறார், அடுப்பைத் துடைக்கிறார். வாளும் துப்பாக்கியும் கொண்ட விளையாட்டுக்கள் இல்லாமல், தாம் இழந்துபோன வீட்டு வேலைகளையே விளையாட்டாக அமைத்திருப்பது நமக்கு மிகவும் பிடித்திருந்தது. 28 நோயாளரைக் கொண்டு இதைப் பரிசோதித்து 2009ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். சாதாரண மேசை அப்பியாசம் செய்தவருக்கும் இக்கருவியைப் பயன்படுத்தியவருக்கும் முன்னேற்றத்திலே பெரிய வித்தியாசம் இல்லை. ஆயினும் இரண்டையும் செய்து பார்த்தவர்களிலே பெரும்பாலோர் விரும்பியது கருவியையே. அப்பியாசம் மாதக்கணக்கிலே தொடர வேண்டிய ஒன்று. எனவே அந்த விருப்பத்தைச் சிறிய விஷயம் என்று நாம் தள்ளிவிடவில்லை.

கால் நடைக்கும் இத்தகைய யந்திரம் உண்டு. சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலே உருவான ‘லோகோமாற்’ என்பது நோயாளியைப் பட்டைகளால் தூக்கி, ஓடும் தளத்தின்மேல் நிறுத்தி, கால்களுக்கு யந்திரக் காலுறை மாட்டி நடக்க வைக்கிறது. குழந்தைகளுக்கென்றே சிறு அளவிலும் அதைச் செய்திருக்கிறார்கள். யந்திரமே காலை எடுத்து வைக்கும்போது குழந்தைக்குத் தானும் முயலவேண்டிய தேவை எங்கே? இதற்காகத் திரையிலே உதைபந்தாட்டம் ஒன்றை அமைத்தார்கள். குழந்தை தன் காலால் உந்தினால்தான் பந்து உதைபடும். சூரிச் ஆராய்ச்சியாளர் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட அளவீட்டின்படி, இவ்விளையாட்டின்போது குழந்தைகள் தாமும் கூடுதலாக முயன்றார்கள். வைத்தியர் “உந்து, உந்து” என்று தொண்டை நீர் வற்றக் கத்துவதை ஒரு பந்து செய்துவிட்டது.

நோயாளியைத் தொடாமலே வேலைவாங்கும் ரோபோக்களும் உண்டு. தென் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திலே மாயா மற்றாரிச் என்ற அம்மையார் இத்துறையிலே பெயர்பெற்றவர். அவருடைய ரோபோ நோயாளியின் அருகே நிற்கும், செய்வதைக் கவனிக்கும், வாயாலே ஊக்கும். 2008ஆம் ஆண்டு வெளிவந்த அவர்களுடைய ஆராய்ச்சியொன்று நமக்குச் சுவையாக இருந்தது. கலகலப்பான சுபாவமுள்ளவர்கள், “இதைவிடக் கூடச் செய்யலாமே!” என்று சவால்விடும் ரோபோவை விரும்பினார்கள். அடக்கமான சுபாவமுள்ளவர்களோ, “நன்றாகச் செய்கிறீர்கள், மெதுவாகச் செய்யுங்கள்” என்று தேற்றும் ரோபோவை விரும்பினார்கள். இதைக் கண்டறிய விஞ்ஞானம் வேண்டுமா, எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வாளே என்று தோன்றலாம். ஆனால் எல்லா நோயாளரையும் ஒரே குரலிலே அதட்டும் உறவினர் பலரை நாம் பார்த்திருக்கிறோம்; பாட்டிக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்திருப்பதாகத் தோன்றவில்லை. 2013ஆம் ஆண்டு வெளியான இன்னோர் ஆராய்ச்சியிலே, திரையில் தோன்றும் பொம்மையைக் காட்டிலும் எதிரே நிற்கும் ரோபோவையே முதியவர்கள் விரும்பியதாகக் கண்டார்கள்.

இவ்வளவும் படித்த வாசகர், “அப்படியானால் கை சுகமாகிறதா?” என்று கேட்பது நியாயமே. அதற்கு நேரான விடை சொல்வது நம் கடமை. மானுஸ் யந்திரத்தை நோயாளரிடத்திலே முதலிலே பரிசோதித்தது, நியூயோர்க் மாநிலத்தின் வைற் பிளெயின்ஸ் என்ற ஊரிலுள்ள பேர்க் வைத்தியசாலை. 20 நோயாளரைக் கொண்ட அப்பரிசோதனையின் முடிவு 1997ஆம் ஆண்டு வெளிவந்தபோது நம்பிக்கை மிகுந்தது. பின்னர் பெரிய பரிசோதனைகள் வந்தன. அமெரிக்காவின் முன்னாள் படைவீரருக்கான வைத்தியசாலைகளிலே 127 பேரைக் கொண்டு நடத்திய பரிசோதனையின் முடிவு 2010ஆம் ஆண்டு வெளியாயிற்று. அவர்களெல்லாம் நோய் கண்டு ஆறு மாதமோ அதற்கு மேலோ கழிந்தவர்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தபோது, யந்திரப் பயிற்சி வழக்கமான சிகிச்சையைக் குறிப்பிடத்தக்க அளவு மிஞ்சவில்லை. 36 வாரம் சென்ற பின் சிறிதளவு மிஞ்சியிருந்தது. ஆனால், அதே அளவு அசைவுகளை ஒரு மனிதரே அருகிருந்து செய்வித்த கூட்டத்தாரை அது மிஞ்சவில்லை. இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் 770 பேரைக் கொண்டு நடந்த இன்னும் பெரிய பரிசோதனையின் முடிவு 2019ஆம் ஆண்டு வந்தது. கையின் அசைவு சற்று மேம்பட்டது. அன்றாடக் காரியங்களைச் செய்யும் திறனோ, வழக்கமான சிகிச்சை பெற்றவரைக் காட்டிலும் மேம்படவில்லை.

இதைப் படித்தபோது நமக்கு ஏமாற்றந்தான். திரையிலே புள்ளியைத் தள்ளத் தெரிந்த கைக்குக் கோப்பையைத் தூக்கத் தெரியவில்லை என்றால் வீட்டிலே யாருக்கு என்ன பயன்? ஆனால் இரண்டாம் முறை படித்தபோது வேறொன்று கண்ணிலே பட்டது. பலன் யந்திரத்தாலே வருவதன்று. அசைவின் தொகையாலும் முயற்சியாலும் வருவது. அந்தத் தொகையை மனிதர் செய்வித்தாலும் பலன் அதுவே. ஆயிரம் தடவை பொறுமையாக அருகிலிருக்க ஆள் கிடைக்காத இடத்திலேதான் யந்திரத்துக்கு வேலை. அதோடு, விளையாட்டிலே பழகியதை உடனே சாப்பாட்டு மேசைக்கும் குளியலறைக்கும் கொண்டுபோகப் பழக்க வேண்டும். அது தானாக நடப்பதில்லை.

விளையாட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. வெல்லவேண்டும் என்ற ஆவலிலே நோயாளி கள்ளம் செய்வார்! கையை நீட்டுவதற்குப் பதிலாக முதுகை முன்னே வளைத்து, தோளைத் தூக்கி, உடம்பாலே புள்ளியைத் தள்ளிவிடுவார். திரையிலே வெற்றி, முழங்கை மடங்கியபடியே. இதைக் கண்டுபிடித்து நிறுத்த, அருகிலே இயன்மருத்துவரோ அவர் சொல்லிக்கொடுத்த வீட்டாரோ இருக்கத்தான் வேண்டும். வீட்டிலே அப்பியாசம் செய்விப்போர், கதிரையின் சாய்மனையை விட்டு முதுகு எழும்புகிறதா என்று பார்த்துக்கொள்ளுதல் நல்லது.

விலையைப் பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. லோகோமாற் போன்றவை பெரிய வைத்தியசாலைகளுக்கே எட்டுவன. ஆனால் விளையாட்டின் சூட்சுமம் விலை உயர்ந்த யந்திரத்துக்குள் மட்டும் இருப்பதன்று என்பதற்கு, டெலவேயர்ப் பல்கலைக்கழகத்திலே கோல் கலோவே என்பவர் தொடங்கிய வேலை ஒரு சாட்சி. நடக்க முடியாத கைக்குழந்தைகளுக்கு ரோபோ வண்டி செய்து பார்த்தவர் அவர். பின்னர், கடையிலே விற்கும் மின்கல விளையாட்டுக் காரையே எடுத்து, காலாலே மிதிக்கும் விசையை நீக்கி, கையாலே தட்டக்கூடிய பெரிய பொத்தானொன்றைப் பொருத்தினார். முதுகுக்கு நீச்சல் தடாகத்திலே பயன்படும் மிதவைப் பஞ்சையும், தண்ணீர்க் குழாயையும் கொண்டு தாங்கல் அமைத்தார். பெற்றோரும் மாணவரும் ஒரு நாளிலே செய்து முடிக்கக்கூடிய வேலை. சில கார்களிலே ஆசனத்தின் கீழே விசையை மாற்றி வைத்திருக்கிறார்கள்: குழந்தை எழுந்து நின்றால் கார் ஓடும்; உட்கார்ந்தால் நின்றுவிடும்.

சென்ற வாரம் மறுபடியும் மாஸ்டர் வீட்டுக்குப் போயிருந்தோம். வெண்கட்டியை அக்கை இன்னும் பிடிக்கவில்லை. பந்தை மட்டும் மேசையின் மறு ஓரம் வரையில் நேராகத் தள்ளுகிறது. சுவரிலே கடதாசி இருந்த இடத்திலே பேரன் கரிக்கோட்டால் வெற்றி தோல்விக் கணக்கு எழுதியிருக்கிறான். அப்பு பதினாறு, அவன் நாற்பத்தொன்று. கணக்கிலே பிழை இருப்பதாக மாஸ்டர் சொன்னார். அந்தக் காரைப் பற்றி நாம் சொல்லிக்கொண்டிருந்தபோது பேரன் வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

“அந்தக் காருக்கு ஹோர்ன் இருக்கோ மாமா?” என்றான்.